கம்மியர் கோன் பிரௌணிங்

சென்ற தவணையில் ஒருநாள் தமிழ்ச் சிறுகதையின் தோற்றம் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு வ. வே. சு. ஐயரிடம் சென்று சேர்ந்தது. குளத்தங்கரை அரசமரத்தைக் கதை சொல்ல வைத்த அதே ஐயர், புதுச்சேரியிலே வாஞ்சிநாதனுக்குக் குறிபார்த்துச் சுடவும் பயிற்றினார் என்பர். போகிற போக்கில் இதனையும் சொல்லிவைத்தேன். அதுவே வினையாயிற்று. கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். வாஞ்சியின் கையிலிருந்தது றிவோல்வரா, பிஸ்டலா என்று கேட்டான். தான் படித்த ஒரு நூலில் ஒன்றும் மற்றொரு நூலில் மற்றதுமாக எழுதியிருக்கிறதாம். இரண்டும் கைத்துப்பாக்கிதானே, இரு தம்பி என்று அவனை இருத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அவன் இருந்துவிட்டான். என் மனம் இருக்கவில்லை. களிறு என்று எழுதவேண்டிய இடத்திற் பிடி என்று எழுதிய மாணவனுக்குப் புள்ளி குறைக்கின்ற ஆசிரியன் யான். சொல்லுக்குச் சொல் பொருள் வேறுபாடு காண்பதே பண்டிதர் தொழில் என்று பேசித் திரிபவன். அத்தகையேன் இருவேறு பொருள்களை ஒரு பெயருள் அடைத்து, கேட்டவன் வாயையும் அடைத்துவிட்டேன். அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். துப்பாக்கி என்னுஞ் சொல்லும், நம் நாட்டில் வழங்கும் துவக்கு என்னுஞ் சொல்லும் துருக்கிச் சொல் ஒன்றின் வழிவந்தவை. பொருள் வந்த வழியே பெயரும் வந்தது. ஆனால் கைத்துப்பாக்கியுள் இரு குலம் உண்டென்பதை யான் புரட்டிய அகராதி சொல்லவில்லை. அதனைத் தேடப் புகுந்த எனக்கு ஒரு மனிதனுடைய வரலாறு கிடைத்தது.

படைக்கலம் செய்தவன் வரலாற்றைப் பண்டிதன் எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கலாம். வேல் வடித்துக் கொடுப்பதைக் கொல்லனுக்குக் கடனாக வைத்தது நமது புறநானூறு. அந்தத் துணிவில் எழுதுகின்றேன்.

படையை மறைத்துக் கொண்டுபோதல் புதிய வழக்கமன்று. கூடாநட்பை விளக்கப் புகுந்த வள்ளுவர், பகைவர் தொழுத கையினுள்ளும் படை ஒடுங்கியிருக்கும் என்று எச்சரித்தார். திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனாரை வஞ்சிக்க வந்த முத்தநாதன், ஆகமநூல் கொண்டுவந்தேன் என்று சொல்லிச் சுவடிக் கட்டினுள் ஆயுதத்தை வைத்துக்கொண்டு, காவல் பலவுங் கடந்து உள்ளறைவரை சென்றான். பெரியபுராணத்தைப் பலமுறை பாடஞ் சொல்லியும் ஒன்றை யான் எண்ணிப் பார்த்ததில்லை. சுவடிக் கட்டுத் தட்டையானது. அதனுள் அடங்கக்கூடியதும் தட்டையானதொரு படையே. முத்தநாதனால் ஒரு தண்டாயுதத்தை அவ்வாறு மறைத்திருத்தல் இயலாது. மறைத்தற்கு உரியது எது என்பதைக் கூர்மை தீர்மானிப்பதில்லை, உருவமே தீர்மானிக்கிறது.

இனிக் கைத்துப்பாக்கிக்கு வருவோம். றிவோல்வரின் வரலாற்றிற் பெரும்பெயர் பெற்றவர் சாமுவேல் கோல்ற். 1814 இல் அமெரிக்காவின் ஹாட்போட் நகரிற் பிறந்தவர். 1830 இல், பதினாறு வயதுப் பையனாக, கோர்வோ என்னும் பாய்க்கப்பலில் மாலுமித் தொழில் பழகக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அப்பயணத்திலேயே சுழலும் உருளையொன்றை மரத்திற் செதுக்கினார் என்பது அவர் சரித்திரம். 1836 இல் அமெரிக்க அரசினரிடம் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். உருளையைச் சுற்றி அறைகள். அறைதோறும் வெடிமருந்தும் குண்டும். ஒரு வெடி தீர்ந்ததும் உருளை சுழன்று அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொணர்ந்து நிறுத்தும். சுழல்துப்பாக்கி என்னும் தமிழ்ப்பெயர் இதற்கு மிகப் பொருந்தும்.

ஆயினும் 1847 இல் அவர் படையினருக்குச் செய்தளித்த றிவோல்வர் நாலரை இறாத்தல் நிறையுடையது. குதிரைச் சேணத்தில் தொங்கவிடத் தக்கதேயன்றி உடையில் மறைக்கத் தக்கதன்று. பின்வந்தோர் அதனைக் குறுக்கினர், குழலை நறுக்கினர், ஆறு அறையை ஐந்தாக்கினர். சிமித் அன்ட் வெசன் கம்பனியார் 1887 இல் சட்டைப்பையிற் கொளுவாதபடி சுத்தியலையும் உள்ளே மறைத்து ஒரு சிறு றிவோல்வர் செய்தனர். எல்லாஞ் செய்தும் உருளை உருளையாகவே இருந்தது. சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்தாற்போல ஒரு புடைப்பைக் காட்டிக்கொண்டேயிருந்தது. அந்தப் புடைப்பைத் தட்டையாக்கியவரே ஜோன் மோசஸ் பிரௌணிங்.

அவர் பிறந்தது 1855 ஜனவரியில், யூட்டாப் பிரதேசத்து ஒக்டன் என்னும் ஊரில். தந்தையார் ஜொனதன் பிரௌணிங் துப்பாக்கிக் கம்மியர்; மோர்மன் சமயத்தினர். அச்சமயத்தவர் இல்லினோய் நாட்டு நோவூ நகரிலிருந்து துரத்துண்டு மேற்கே பாலைவெளி கடந்து போனபோது, வழியில் மிசூரி ஆற்றங்கரையிற் பட்டடை வைத்து, போவோர்க்கெல்லாம் துப்பாக்கி செய்தும் திருத்தியும் கொடுத்தவர். 1852 இலேதான் தாமும் யூட்டா வந்து சேர்ந்தார். மூன்று மனைவியர், இருபத்திரண்டு மக்கள். நம்மவர்க்கு இது வியப்பாயிருக்கும். அக்காலத்து மோர்மன் வழக்கம் அது. ஜோன் இரண்டாம் மனைவியின் மகன்.

இந்த ஜொனதன் இரண்டு வகையான பலவெடித் துப்பாக்கி செய்தவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒன்று சுழலும் உருளை உடையது. மற்றது வேறு. அறைகளைத் துளைத்த நீண்ட இரும்புத் துண்டொன்று குழலுக்குக் குறுக்கே பக்கவாட்டிற் சறுக்கிச் செல்லும். ஒவ்வோரறையும் முறையே குழலுக்கு நேராகும். சுழல்வதும் சறுக்குவதும் ஆகிய இரண்டும் ஒரே பட்டடையிற் கிடந்தன. மகன் தவழ்ந்ததும் நடந்ததும் அவற்றினிடையே.

பத்து வயதளவில் ஜோன் தந்தையாரின் கழிவிரும்புக் குவியலிலிருந்து பழந்துப்பாக்கி ஒன்றின் குழலை எடுத்தான். பலகையொன்றைக் கோடரியாற் செதுக்கிக் கட்டையாக்கினான். தகரமும் கம்பியுங் கொண்டு பிணைத்தான். தம்பி மற் என்பவன் தணல் பிடித்துக் கொடுக்க, இருவருமாகப் புல்வெளிக் கோழிகளைச் சுட்டு வந்து தாய்க்குக் கொடுத்தனர். தந்தையார் அத்துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார், பாராட்டவில்லை. இதனினும் நன்றாகச் செய்திருக்கலாகாதா என்றுமட்டும் கேட்டார். குடும்பத்தார் சொல்லிவந்த கதை இது. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்த எனக்கு அந்தத் தந்தையின்மேற் கோபம் வருகின்றது. ஆனால் ஜோன் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வினாவுக்கே விடை எழுதிக்கொண்டிருந்தார் போலும்.

அவர் 1878 இல் ஒற்றை வெடி றைபிள் ஒன்று செய்தார். காலால் மிதிக்குங் கடைசற்பொறியும் அரமும் உளியுமே கருவிகள். 1879 இல் அதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே திருமணம் நிகழ்ந்தது, தந்தையாரும் மறைந்தார். சகோதரர்கள் சேர்ந்து ஒக்டனிற் சிறு தொழிற்சாலை ஒன்று வைத்தனர். அங்கே செய்த றைபிள் ஒன்று கிழக்குக் கரையிலுள்ள வின்செஸ்டர் கம்பனியின் கைக்குப் போயிற்று. 1883 இல் கம்பனித் தலைவர்களுள் ஒருவரான பெனற் புகைவண்டியேறி ஒக்டனுக்கே வந்து, 8000 டொலர் கொடுத்து அதன் உரிமையை வாங்கினார். அதுமுதற் பத்தொன்பது ஆண்டு பிரௌணிங் வின்செஸ்டருக்கு உழைத்தார். நாற்பதுக்கு மேற்பட்ட துப்பாக்கி அமைப்புகளை அவரிடம் அக்கம்பனி வாங்கியது. செய்து விற்றவை சில. பிறர் கைக்குப் போகாதிருத்தற்காகவே வாங்கிப் பெட்டியில் வைத்தவை பல. இடையில் இரண்டாண்டு எல்லாவற்றையும் விட்டு, ஜோர்ஜியாவில் வீடுவீடாய்ச் சென்று தம் சமயத்தைப் போதித்தார். அந்த இரண்டாண்டிலும் துப்பாக்கி வேலை இல்லை.

1889 இல், ஊர் திரும்பிய சில மாதத்தில், குறிசுடும் களமொன்றில் நின்றிருந்தார். நண்பர் ஒருவர் சுட்டார். குழல்முனையருகே நின்ற புற்கள் வெடிக்காற்றிற் சாய்ந்தன. களத்தில் நின்ற எல்லாரும் பல்லாண்டாகக் கண்ட காட்சி. ஆனால் அந்தப் புல்லைச் சாய்த்த காற்றும் தோளை உதைத்த உதைப்பும் வீணாய்ப் போகும் வலி என்று அவர் கண்டார். சுடுவோன் கையாற் செய்யும் வேலையை, அஃதாவது வெறுங் குப்பியை எறிந்து புதுத் தோட்டாவை ஏற்றும் வேலையை, அந்த வலியைக் கொண்டே செய்விக்கலாம் என்று எண்ணினார். முதலிற் செய்தது இயந்திரத் துப்பாக்கி. கோல்ற் கம்பனி அதனை ஏற்றுக்கொண்டது. சாமுவேல் கோல்ற் 1862 இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயர் தாங்கிய நிலையமே, அவர் உலகுக்களித்த சுழலுருளைக்கு மாற்றைச் செய்தவரை வாசல் திறந்து வரவேற்றது.

1890களின் நடுவிற் பிரௌணிங் கைத்துப்பாக்கிக்கு வந்தார். உருளையை நீக்கினார். தோட்டாக்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய தகரக் கூட்டைக் கைப்பிடியினுள்ளேயே செருகினார். குழலின்மேல் முன்னும் பின்னும் வழுக்கும் உருக்கு மூடியொன்றை அமைத்தார். சுட்டதும் உதைப்பு அம்மூடியைப் பின்னே தள்ளும். வெறுங் குப்பி வெளியே தெறிக்கும். வில் மூடியை முன்னே கொணரும்போது கூட்டின் மேற்றோட்டா குழலுட் புகும். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி. ஏற்றுதல்மட்டும் தானே நிகழும். ஆதலின் இதனைத் தானியங்கி என்பதிலும் அரைத் தானியங்கி என்பதே நேரிது. தந்தையின் சறுக்குமிரும்பை எண்ணியே மகன் இதனைச் செய்தார் என்று சொல்ல யான் துணியேன். ஆயினும் சுழல்வதை விட்டுச் சறுக்குவதைப் பற்றிக்கொண்டார் என்பது கண்கூடு.

1897 இல் இன்னொரு தற்செயல் நிகழ்ந்தது. பெல்ஜியத்தில் லியேஜ் நகரையடுத்த ஹெர்ஸ்தாலில், தேசியத் தொழிற்சாலை எனப் பொருள்படும் பாப்ரிக் நஸியோனால் என்ற ஆயுதசாலை உண்டு. அதற்குத் துப்பாக்கி வேலை குறைந்திருந்த காலம். துவிச்சக்கரவண்டி செய்யும் முறைகளைப் பார்த்துவருமாறு தன் அலுவலர் ஒருவரை ஹாட்போட்டுக்கு அனுப்பியது. துவிச்சக்கரவண்டி பார்க்கப் போனவர் பிரௌணிங்கைச் சந்தித்து, சிறு பிஸ்டல் ஒன்றுடன் திரும்பினார். யூலையில் உடன்படிக்கை எழுதப்பட்டது. பின்னர் அமெரிக்கச் சந்தை கோல்றுக்கும் ஐரோப்பியச் சந்தை பெல்ஜியத்தார்க்குமாக வகுக்கப்பட்டது. 1900 இல் அப்பிஸ்டலைப் பெல்ஜியப் படை ஏற்றுக்கொண்டது. ஏழு தோட்டா கொள்ளும் கூடு, 7.65 மில்லிமீற்றர்க் குழல். அவ்வொரு வகையில் மட்டும் 700,000 க்கு மேற் செய்யப்பட்டன.

இரண்டில் எது நன்று என்று மாணவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யான் என்ன சொல்வது? ஆராய்ந்தவரை, வழக்கு இருபுறமும் வலிது.

றிவோல்வர் எளியது. தோட்டாவொன்று வெடியாது போனால் விசையை மறுபடி இழுத்தாற் போதும். உருளை சுழன்று அடுத்ததைக் கொணரும். கூட்டில்லை, வழுக்கும் மூடியில்லை. சிக்குதற்கு இடங் குறைவு. உருளையைத் திறந்தால் ஏற்றியதோ வெறிதோ என்று கண் காணும். சுத்தியல் மறைந்த வகையைச் சட்டைப்பைக்குள் வைத்தபடியே சுடலாம். குறையோ முன்சொன்ன புடைப்பு. அன்றியும் ஒரே இழுப்பில் உருளையைச் சுழற்றிச் சுத்தியலையும் எழுப்பவேண்டியிருத்தலின் விசை கனக்கும். கனத்த விசை குறியைக் குலைக்கும். ஐந்தோ ஆறோ தீர்ந்தபின் மீண்டும் நிரப்பல் நெடுவேலை.

பிஸ்டல் தட்டையானது. விசை இலகு. தோட்டா அதிகம். வெறுங் கூட்டை உதறி நிறைகூட்டைச் செருகுதல் சில கணத்து வேலை. ஆனால் தோட்டாவொன்று வெடியாதாயின் மூடியைக் கையால் இழுத்தெறிந்தே மேலே செல்லவேண்டும். பைக்குள் வைத்துச் சுட்டால் மூடி துணியிற் சிக்கும். எல்லாவற்றினுங் கொடிது ஒன்றுண்டு. கூட்டைக் கழற்றியவன் துப்பாக்கி வெறிதாயிற்று என்று நினைப்பான். குழலுள் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். விளையாட்டாகச் சுட்டு வீட்டாரைக் கொன்றோர் பலர் இவ்வாறு மறந்தோரே. பிரௌணிங் தம் பிற்காலப் பிஸ்டல்களிற் காப்புகள் பல வைத்தார். கைப்பிடியின் பின்புறத்தை உள்ளங்கை இறுகப் பற்றினாலன்றி விசை இயங்காது என்பது அவற்றுள் ஒன்று. உள்ளங்கையின் பிடியைக் காப்பாக்கினாரேயன்றி, மறதிக்கு அக்காப்பு மருந்தாகவில்லை. அமெரிக்கப் பொலிசார் மிகப் பெரும்பாலோர் 1980கள் வரை றிவோல்வரையே இடுப்பிற் கட்டியிருந்தமை காரணமின்றி நிகழ்ந்ததன்று.

மறைப்பதும் உடையைப் பொறுத்தது. இறுக்கிய ஐரோப்பியச் சட்டைக்குத் தட்டையான பிஸ்டல் வேண்டும். தொளதொளத்த அங்கிக்குள் எதுவும் மறையும். நம் நாட்டில் 1959 செப்ரெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்கவின் உயிரைக் கொண்டது அங்கியின் மடிப்பினுள் வந்த றிவோல்வரேயாகும்.

கதையைத் தொடர்வோம். புதிதாய்ச் செய்த தானேயேற்றும் வேட்டைத்துப்பாக்கிக்கு விற்பனைதோறும் பங்கு வேண்டும் என்று பிரௌணிங் கேட்டார், வின்செஸ்டர் மறுத்தது. 1902 ஜனவரியில் றெமிங்டன் கம்பனித் தலைவரைக் காணச் சென்றார். காத்திருந்த வேளையில், அத்தலைவர் மாரடைப்பால் அப்பொழுதே இறந்தார் என்ற செய்தி வந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கப்பலேறிப் பெல்ஜியத்துக்கே போனார். அதன்பின் லியேஜ் அவருக்கு இரண்டாம் ஊராயிற்று. தொழிற்சாலையார் அவரைக் குரு என்னும் பொருளில் மெத்ர் என்று அழைத்தனர். உயர்ந்த மனிதர், வழுக்கைத் தலை, அடர்ந்த மீசை, அதிகம் பேசார், அரத்தைக் கையிலெடுத்தால் உணவை மறப்பார் என்பர்.

1906 இல் இன்னுஞ் சிறியதொன்று வந்தது. முழு நீளமே நாலரை அங்குலம். நிறை ஓர் இறாத்தலுக்குங் குறைவு. உட்சட்டைப் பையில் வைத்தாற் கடிகாரமோ சுருட்டுப் பெட்டியோ என்றே தோன்றும். அக்காலப் பிரெஞ்சு மொழியில் பிரௌணிங் என்றாலே பிஸ்டல் என்று பொருளாயிற்று. செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆயிற்று. வள்ளுவரைப் படித்தேன் என்கிறோமே, அது. கருத்தாவாகுபெயருக்கு இதனினுந் தெளிந்த உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

இச்சிறு பொருள்கள் சென்ற இடங்களைப் பாருங்கள். 1909 இல் இலண்டனிலிருந்த சாவர்க்கர் இருபது பிரௌணிங் பிஸ்டல்களை மறைவாக இந்தியாவுக்கு அனுப்பினார். அவ்வாண்டு டிசெம்பரில் நாசிக்கில் கலெக்டர் ஜக்சன் சுடப்பட்டார். ஐயர் அக்காலத்தில் இலண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர். 1910 இற் புதுச்சேரி சேர்ந்தார். 1911 யூன் 17 இல் மணியாச்சிச் சந்தியிற் புகைவண்டி நின்றது. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், கொடைக்கானலிலிருந்த தம் பிள்ளைகளைக் காண்பதற்கு மனைவியோடு முதல் வகுப்பில் அமர்ந்திருந்தார். வாஞ்சிநாதன் அருகே செல்லும்வரை அவனிடம் படைக்கலம் உண்டென்பதை எவரும் அறியவில்லை. ஆஷைச் சுட்டபின் ஓடி ஒதுங்கித் தன்னையுஞ் சுட்டுக்கொண்டான். அவனருகே கிடந்தது பெல்ஜியத்திற் செய்த பிரௌணிங் பிஸ்டல். அதே ஆண்டு மார்ச்சில், இரு நாளில் 6000 தோட்டா சுட்டும் ஒருமுறையேனும் சிக்காத அவருடைய பெரும் பிஸ்டலை அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டின் செய்தியாகப் பிரௌணிங்கின் சரித்திரகாரர் எழுதுவது அந்த மார்ச்சு மாதத்தை. நாம் நினைப்பது யூன் மாதத்தை.

1914 இன் தொடக்கத்திற் பத்து இலட்சம் பிரௌணிங் பிஸ்டல் செய்துமுடித்ததைப் பெல்ஜியத்தார் விருந்து வைத்துக் கொண்டாடினர். அரசர் அவருக்கு லெயோபோல்ட் விருதளித்தார். யூன் 28 இற் சரஜேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசரையும் அவர் தேவியையும் பிரின்சிப் என்ற இளைஞன் சுட்டான். கையிலிருந்தது 1910 ஆம் ஆண்டு வகைப் பிரௌணிங். ஐந்து வாரத்தில் மூண்ட யுத்தத்தில் ஜெர்மானியர் முதலில் தாக்கிய கோட்டை நகரம் லியேஜ். விருது பெற்ற ஆயுதசாலையும் அவர்கள் வசமாயிற்று.

செய்தவனுக்குப் பழியுண்டா? பல நாள் எண்ணினேன். கத்திக்கும் கயிற்றுக்குங் கூட இவ்வினா உண்டு என்று தள்ளிவிடுவோர் உளர். அவ்விடையில் எனக்கு நிறைவில்லை. எங்கள் தலைமுறை துவக்கு என்னுஞ் சொல்லை அகராதியிற் கற்றதன்று. கல்லூரிக்குப் போகும் வழியிற் சோதனைச் சாவடியில் இறங்கி, கையை உயர்த்தி, முன்பின் அறியாதவன் விலாவையும் மடியையும் தடவிப் பார்க்க நின்றவர்கள் நாங்கள். என் புத்தகப் பையைத் தலைகீழாகக் கொட்டிய நாளில், நன்னூல் உரை புழுதியில் விழுந்தது. அன்றைக்கு முத்தநாதனை நினைத்தேன். சுவடிக் கட்டில் ஒருவன் படை மறைத்தான். அதன்பின் சுவடி சுமந்தவரெல்லாம் ஐயத்துக்குரியர். கண்ணுக்குத் தெரியும் வாளைக் கட்டியவனைக் கண்ணாற் காவல் செய்யலாம். தட்டையான படையைக் கையால் தடவியே காணவேண்டும். ஆதலால் ஒன்றும் மறையாதவன் உடம்பும் தடவப்படும். பிரௌணிங் நீக்கிய அந்தச் சிறு புடைப்பு, ஒருவகையில், வழிப்போக்கர்க்குக் காவலாக இருந்தது. அது நீங்கியதில் அவர் கைத்திறனும் உண்டு. கொலைப்பழியை அவர்மேல் யான் வையேன். இதனைமட்டும் அவர் கணக்கில் எழுதிவைப்பேன்.

1917 பெப்ரவரியில், அமெரிக்கா யுத்தத்தில் இறங்குமுன், அவர் வாஷிங்டனில் தம் இயந்திரத் துப்பாக்கிகளை அரசினர் முன் சுட்டுக் காட்டினார். அவற்றின் உரிமைக்கு அரசினர் கொடுக்க முன்வந்த 750,000 டொலரைப் பேரம் பேசாது ஏற்றார். வழமையான பங்கு கேட்டிருந்தால் அதனிலும் பன்மடங்கு வந்திருக்கும். மகன் வால் 1918 இல் பிரான்சிய அகழிகளிலே தந்தை செய்த துப்பாக்கியைத் தாமே ஏந்தி நின்றார்.

முதுமையிலும் ஓயவில்லை. மறுபடி மறுபடி கடல் கடந்து லியேஜ் சென்றார். 1926 நவம்பர் 26 இல் ஹெர்ஸ்தால் தொழிற்சாலையில் வேலைசெய்துகொண்டிருக்கையில் நெஞ்சு நொந்தது. மகனுடைய அலுவலறையிற் படுத்தார், உயிர் பிரிந்தது. வயது 71. அவர் பெயரில் உரிமைப் பத்திரம் 128. உடலை ஒக்டனுக்குக் கொண்டுபோய் அடக்கஞ் செய்தனர். முடிக்காது விட்ட பிஸ்டலை அவரிடம் பழகிய பெல்ஜியக் கம்மியர் சேவ் 1935 இல் முடித்தார். பதின்மூன்று தோட்டாவை இரட்டை வரிசையில் அடுக்கியமையால் அதன் கைப்பிடி மீண்டும் பருத்தது.

அடுத்த வகுப்பிற் கரும்பலகையில் இரண்டு உருவம் வரைந்தேன். ஒன்று வட்டம், மற்றது சுவடிக் கட்டைப் போன்ற நீள்சதுரம். வாஞ்சியின் கையிலிருந்தது இரண்டாவது, முன்பு உன்னை இருத்தியது என் பிழை என்று அந்த மாணவனிடம் சொன்னேன். அவன் இரண்டையும் கொப்பியில் வரைந்துகொண்டான். பிறகு, கருத்தாவாகுபெயருக்கு உதாரணமாகப் பரீட்சையிற் பிரௌணிங் என்று எழுதினால் புள்ளி கிடைக்குமா என்று கேட்டான். விடைத்தாள் என் கைக்கு வந்தாற் கிடைக்கும் என்றேன்.